சேரங்கோட்டில் ஓடிய டிராம்

தட்டில் டீ தம்ளர்களை அடுக்கி வைத்துக்கொண்டு நான் தடுப்புச் சேலைக்குப் பின்னால் நின்றிருந்தேன். சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடு, தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று, ஒற்றை அறை. நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டிவிட்டால் இந்தப் பக்கம் அடுப்படி, அந்தப் பக்கம் வரவேற்பறை. அந்தப் பக்கத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"கூப்பிடுறப்ப வா" என்று அம்மா சொல்லியிருந்தாள். கூப்பிடத்தான் யாருக்கும் நினைவில்லை.

"கோட்டையில ஏறினா புறக்கோட்டை, மருதானை, அப்படியே பொரளை. இந்தப் பக்கம் பிடிச்சா கிராண்ட்பாஸ்" என்று அப்பாவின் குரல் கேட்டது.

"ராயபுரத்துல வண்டிய எடுத்தா கடல் காத்து மூஞ்சில அடிக்கும் பாருங்க" என்றது இன்னொரு குரல். அது மாப்பிள்ளையின் அப்பா.

வெளியே அடைமழை. டீ ஆறி ஆடை கட்டியது. நான் பொறுக்க முடியாமல் ஒரு தம்ளரை இன்னொன்றின் மேல் லேசாக இடித்துச் சத்தம் செய்து பார்த்தேன். டிராம் மணிச் சத்தத்தில் அது எடுபடவில்லை.

விஷயம் இதுதான். என் அப்பா கொழும்பு டிராமில் கண்டக்டராக இருந்தவர். வந்தவரோ மதராஸ் டிராமில் டிரைவராக இருந்தவர். இரண்டு டிராமும் நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் அன்று மத்தியானம், டிராமையே கண்டிராத நீலகிரி மலையில், எங்கள் லயத்து முன்னறையில் இரண்டும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

கோப்பையில் பார்த்த தேயிலை

அப்பாவைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு, அவர் ஏன் மலைக்கு வந்தார் என்று கேட்டு எனக்கு வாசகர் கடிதங்கள் வருகின்றன. அவர் வரவில்லை. அனுப்பப்பட்டார்.

டிராம் நின்ற பிறகு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கொஞ்ச காலம் மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, யார் யார் எந்தப் பக்கம் என்று பேசி முடித்தார்கள். நாங்கள் இந்தப் பக்கம் என்றார்கள். அப்பா அதுவரை இந்தியாவைத் தபால் தலையில்தான் பார்த்திருந்தார்.

கப்பலில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்றோம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தலை நிமிராமலேயே, "சிலோனா? அப்ப தேயிலை தெரியுமில்ல?" என்றார்.

"கோப்பையில பார்த்திருக்கேன் சார்" என்றார் அப்பா.

அதிகாரி அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார். எங்களுக்கு அரசாங்கத் தேயிலைத் தோட்டம் ஒதுக்கப்பட்டது. எங்கள் வீட்டில் தேயிலை தெரிந்த ஒரே ஆள் அம்மாதான். அவள் ஹட்டன் பக்கத் தோட்டத்தில் பிறந்து, இனிமேல் கொழுந்துக் கூடையே வேண்டாம் என்றுதான் கொழும்புக்காரரைக் கட்டிக்கொண்டவள். அன்று முகாமில் அவள் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

லாரியில் எங்களை மேலே ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஊட்டி தாண்டி, பைக்காரா அருகே, மலைச்சரிவில் தடித்தடியான மின்சாரக் கம்பிகள் போய்க்கொண்டிருந்தன. மூட்டைகளின் மேல் வாடிக் கிடந்த அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"கரண்ட் இருக்கு. இவ்வளவு கரண்டை வச்சுக்கிட்டு ஒரு டிராம் விடக் கூடாதா?"

"உக்காருங்க. விழுந்து தொலையாதீங்க" என்றாள் அம்மா.

அடுத்த வளைவில் லாரி சாய்ந்தபோது உட்கார்ந்தார். ஆனால் கம்பிகள் மறையும் வரை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த முகத்தில் நம்பிக்கை இருந்தது. எனக்கு அப்போதே அவரை நினைத்து அழுகை வந்தது.

மூன்று பாஷையில் முன்னால் போவது

இப்போது என் பேரன் செல்போனில் பழைய டிராம் படங்களைக் காட்டுகிறான். கீழே யாரோ கண்ணீர் விடும் பொம்மை போட்டு, 'ஆஹா, அந்தக் காலம்' என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவருக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. ஏறாத வண்டிக்கு அழுவது சுலபம். அதில் நெரிசல் இல்லை.

நான் சின்ன வயதில் ஏறியிருக்கிறேன். சூடான இரும்பு வாசனை, பக்கத்தில் நிற்பவர்களின் தேங்காய் எண்ணெய் வாசனை, மழை நாளில் தலைக்கு மேலே கம்பியில் படக்கென்று தெறிக்கும் நீலப் பொறி. இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. மிச்சமெல்லாம் அப்பா சொல்லி வந்தது.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது கடைசி நிறுத்தம். டிராமுக்குத் திரும்பத் தெரியாது. திரும்பவும் வேண்டியதில்லை. பொரளை வந்ததும் டிரைவர் தன் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வண்டியின் மறுமுனைக்கு நடந்துபோவார். கண்டக்டர், கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கக் கூரைமேல் இருக்கும் நீளக் கழியைக் கயிறு போட்டு இழுத்து, மறுபக்கமாகச் சுற்றிக் கம்பியில் மாட்டுவார். சீட்டின் முதுகுப் பலகைகளை எதிர்ப்பக்கம் தள்ளுவார். அவ்வளவுதான், பின்பக்கம் முன்பக்கமாகிவிட்டது. வந்த தண்டவாளத்திலேயே திரும்பிப் போக வேண்டியதுதான்.

அந்தக் கழி கம்பியில் இருந்தால்தான் வண்டிக்கு உயிர். அதனால் டிராம்காரன் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் கூரைக்கு மேலேதான் பார்ப்பான். அப்பாவும் கூடலூர் பஜாரில் பஸ் வரும்போதெல்லாம் அண்ணாந்துதான் பார்ப்பார். பக்கத்தில் நிற்கிற எனக்கு வெட்கமாக இருக்கும்.

தோட்டத்தில் அப்பாவை முதலில் கவ்வாத்து வெட்ட, அதாவது தேயிலைச் செடிகளைக் கழித்துவிட, அனுப்பினார்கள். அவர் வெட்டிய செடிகளைப் பார்த்த பிறகு, கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். மூட்டை தூக்கி லாரியில் போடுவதும் பெண்களை ஏற்றிவிடுவதும் வேலை.

அங்கே அவர் பிழைத்துக்கொண்டார். தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்து, "முன்னால நகருங்க, முன்னால நகருங்க" என்பார். நகராவிட்டால், "இஸ்ஸரஹட்ட யண்ட" என்று சிங்களத்தில் சொல்வார். அதற்கும் அசையாவிட்டால் இங்கிலீஷ். மூன்றும் கொழும்பு டிராமில் நாள்பூராவும் கத்திய வார்த்தைகள். இலங்கை மலைநாட்டிலிருந்து வந்த பெண்கள் சிரித்துச் சிரித்துக் கொழுந்தைக் கொட்டுவார்கள்.

லாரி கிளம்பும்போது பின்னால் தொற்றிக்கொண்டு தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். டப், டப். அவருக்கு அது இரண்டு பெல். ஒரு பெல் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ.

அதில் ஒரு கண்டிப்பு உண்டு. கடைசி ஆளின் காலும் பலகையில் ஏறாமல் அவர் கை தகரத்தில் படாது. கூடையை மறந்துவிட்டு ஒருத்தி திரும்ப ஓடினால், லாரி டிரைவர் எவ்வளவு கத்தினாலும் அப்பா தட்ட மாட்டார். "ஆள் ஏறாம ரெண்டு பெல் கொடுத்தவன் கண்டக்டரே இல்ல" என்பார். கொழும்பில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்திக்காகக் காத்திருந்து இன்ஸ்பெக்டரிடம் திட்டு வாங்கியதை மெடல் வாங்கியதுபோலச் சொல்வார்.

ஸ்டியரிங் இல்லாத டிரைவர்

சரி, நான் டீயோடு நிற்கிறேன். விட்ட இடத்துக்கு வருகிறேன்.

வந்திருந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை சுந்தரம், ஜெகதளாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். அவருடைய அப்பா, அந்த மதராஸ் டிரைவர். அப்புறம் டிரைவரின் அக்கா ருக்குமணி அத்தை. அத்தை மேட்டுப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர், கணவர் போன பிறகு தம்பி வீட்டோடு இருந்தார். அந்த வீட்டில் அத்தை தலையசைத்தால்தான் எதுவும் நடக்கும்.

மதராஸில் டிராம் நின்றதும் டிரைவருக்கு ஒரு சொந்தக்காரர் குன்னூர்ப் பக்கம் லாரி ஓட்டும் வேலை வாங்கிக் கொடுத்தாராம். யோசித்துப் பாருங்கள். டிராமுக்கு ஸ்டியரிங்கே கிடையாது. அதுவரை வண்டியைத் திருப்பியே பழகாத மனிதர், நேராகக் கொண்டை ஊசி வளைவுக்கு வந்து சேர்ந்தார். எங்கள் அப்பாவுக்குத் தேயிலை எப்படியோ அவருக்கு வளைவு அப்படி. அரசாங்கம், சொந்தக்காரர், யார் செய்தாலும் வேலை கொடுக்கும் லட்சணம் ஒன்றுதான்.

ஒருவழியாக அம்மா என்னைக் கூப்பிட்டாள். தட்டை நீட்டினேன். சுந்தரம் தம்ளரை எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல், "ரொம்ப நேரமா நின்னுட்டிருந்தீங்க போல. கால் வலிக்குதுங்களா?" என்றார். ஆறிப்போன டீயை முகம் சுளிக்காமல் குடித்தார்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் என்னை விட்டுவிட்டு, "சிலோன்காரங்களா, திரும்ப அனுப்பிருவாங்களா?" என்று வீட்டைத்தான் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். என் கால் வலியை அதுவரை யாரும் கேட்டதில்லை. இந்த இடம் அமைய வேண்டும் என்று மனசுக்குள் அப்படி வேண்டிக்கொண்டேன்.

அதே நிமிடத்தில் டிரைவர் சொன்னார், "எங்க டிராம் ஓட ஆரம்பிச்சப்ப கொழும்புல கட்டை வண்டிதான் ஓடிக்கினு இருந்திருக்கும்."

"இருக்கலாம் ஐயா" என்றார் அப்பா மிக மரியாதையாக. "ஆனா முதல்ல நின்னதும் உங்கட டிராம்தானே."

டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிறுத்தினது கம்பெனி. ஓட்டினவன் இல்ல" என்றார் டிரைவர்.

"ஓட்டுறது என்ன ஐயா ஓட்டுறது? தண்டவாளம் போற பக்கம் வண்டி போகுது. ரெண்டு பெல் அடிச்சா போகணும், ஒரு பெல் அடிச்சா நிக்கணும். மூளையெல்லாம் பின்னால கண்டக்டர்கிட்டதானே இருக்கு."

அப்பா இதை நக்கலாகச் சொல்லவில்லை. உலகத்துக்கே தெரிந்த உண்மையைச் சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் வினை.

டிரைவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அக்கா, எழுந்திரு. பஸ்ஸுக்கு டைம் ஆச்சு."

ருக்குமணி அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "பொண்ணு லட்சணமாத்தானுங்க இருக்குது. ஊட்டுக்குப் போயி கடுதாசி போடறமுங்க."

அந்தக் கடுதாசி வராது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஏற்கெனவே பல பேர் அதைப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். சுந்தரம் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர்கள் படியிறங்கியதும் அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். குரல் எழும்பாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், "நின்னுபோன டிராமு இன்னிக்கு வந்து எம் புள்ள மேல ஏறிருச்சு. திருப்தியா? போங்க, போயி அவங்கள ஒழுங்கா பஸ் ஏத்தி விட்டுட்டு வாங்க. அதையாவது செய்யுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டோடு நின்று அழுதுகொண்டிருந்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணாந்த இருவர்

பஸ் நிறுத்தத்தில் நடந்தது சுந்தரம் எனக்குப் பிற்பாடு சொன்னது.

கூடலூர் போகும் கடைசி பஸ் அது. அதை விட்டால் மறுநாள் காலைதான். அப்பா டிரைவருக்குக் குடை பிடித்தார். டிரைவர் நகர்ந்து மழையில் நின்றார். அப்பாவும் நகர்ந்தார். டிரைவர் மறுபடி நகர்ந்தார். இப்படியே இரண்டு பேரும் ரோட்டின் அந்த ஓரம்வரை போய்விட்டார்கள். குடை யாருக்கும் இல்லாமல் நடுவில் நனைந்தது.

மேலே வளைவில் ஹாரன் கேட்டது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து விளக்கு தெரிந்தது, அப்புறம் பஸ்ஸின் முகம் தெரிந்தது.

மதராஸ் டிரைவர் விளக்கைப் பார்க்கவில்லை. தாடையைத் தூக்கி, பஸ்ஸின் கூரைக்கு மேலே பார்த்தார். அங்கே மூட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை. பார்த்தது ஒரு கணம்தான். உடனே மழையைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு குனிந்துவிட்டார்.

அப்பாவும் அப்போது அண்ணாந்துதான் நின்றிருந்தார். ஆனால் அவர் பார்வை கூரையிலிருந்து இறங்கி டிரைவரின் முகத்தில் நின்றது. ஊர் தெரியாத இந்த மலையில், இல்லாத கழியைத் தேடும் இன்னொரு ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. அப்பாவின் முகம் அப்போது என்னமோ மாதிரி ஆகிவிட்டது என்று சுந்தரம் சொல்வார். அதற்குமேல் அவருக்கு விவரிக்கத் தெரியாது.

பஸ் நின்றது. அரிசி மூட்டையோடு பெண்கள் பின்பக்கப் படியில் இறங்கினார்கள். இவர்கள் ஒதுங்கி நின்றார்கள். கண்டக்டர் முன்பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். கடைசி மூட்டை இறங்கியது. ருக்குமணி அத்தை குடையை மடக்கி, செருப்பின் சேற்றை உதறி, முதல் படிக்குக் காலைத் தூக்கினார்.

டப், டப்.

பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு. மழையில் விசில் கேட்காது என்பதால் எங்கள் பக்கத்து டிரைவர்கள் அந்தத் தட்டுக்குப் பழகியவர்கள். பஸ் புறப்பட்டுவிட்டது. அத்தையின் கால் அந்தரத்தில் நின்றது. சுந்தரம் பிடிக்காவிட்டால் சேற்றில் உட்கார்ந்திருப்பார்.

"ஏனுங்க! ஏனுங்க! நிறுத்துங்க!" என்று அத்தை கத்தினார். பஸ் வளைவில் மறைந்தது.

மூன்று பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பழக்க தோஷம் ஐயா" என்றார். "வாங்க, வீட்டுக்குப் போவோம். நனையாதீங்க."

பலகாரக் கணக்கு

போனவர்கள் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்து நின்றதும், அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பஸ் ஏற்றிவிடக்கூடத் தெரியாத மனிதரிடம் என்ன பேசுவது என்ற பார்வை. அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் டீ குடிக்கலாம், பலகாரம் தொடலாம். சோறு மட்டும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். கை நனைப்பது என்பார்கள்.

"பட்டினி கெடந்தாலும் கெடப்பனுங்க, கை மட்டும் நனைக்க மாட்டேனுங்க" என்று அத்தை கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

அம்மா ரொட்டி தட்டினாள். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த சிலோன் ரொட்டி. வாசனை அறை முழுக்கச் சுற்றியது. கூடவே சம்பல் இடித்தாள். தேங்காய், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சை. அன்று மிளகாய் கொஞ்சம் தாராளம்.

அத்தை திரும்பிப் பார்த்தார். "ரொட்டி சோத்துல சேராதுங்களே?"

"சேராதுங்க. பலகாரக் கணக்குதான்" என்றாள் அம்மா.

முதல் விள்ளலில் அத்தைக்குக் கண்ணில் நீர் வந்தது. இரண்டாவதில் மூக்கிலும் வந்தது. ஆனால் கை நிற்கவில்லை, அந்தச் சம்பல் அப்படிப்பட்டது. தண்ணீர் குடித்தார், காரம் இன்னும் ஏறியது. கடைசியில் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, "அம்மிணி, ஒரு வாய் தயிர்சோறு இருந்தா போடுங்க, உசுரு போகுது" என்றார்.

அம்மா இலையில் சோற்றைப் போட்டாள். அத்தை அள்ளி வாயில் வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. ஆனால் அவள் தோள் குலுங்குவதை நான் பார்த்தேன்.

"சரிதானுங்க" என்றார் அத்தை. "ஆண்டவன் பஸ்ஸ உட்டது இதுக்குத்தான் போல. இன்னுங் கொஞ்சம் தயிர் ஊத்துங்க."

டிரைவரும் அப்பாவும் இலைக்கு முன்னால் எதிரெதிரே இருந்தார்கள். "டிரைவர் இல்லாம டிராம் ஏது ஐயா" என்றார் அப்பா, சோற்றைப் பார்த்துக்கொண்டு. டிரைவர் தன் இலையிலிருந்த அப்பளத்தில் பாதியை உடைத்து அப்பாவின் இலையில் வைத்தார். அப்புறம் ராயபுரத்திலிருந்து வண்டி மறுபடி கிளம்பியது. இந்தமுறை அது பொரளை வரைக்கும் போனது.

இரண்டு பெல்

எனக்கும் சுந்தரத்துக்கும் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அப்பா ஜெகதளாவுக்கு எங்களைப் பார்க்க வந்து போய்க்கொண்டிருந்த காலம். ஒருநாள் அவர் ஊருக்குக் கிளம்பிப் போனதும், என் மாமனார் வாசலில் நின்று, அந்த பஸ் மறையும் வரை பார்த்தார்.

"உங்கப்பா பழக்க தோஷம்னு சொன்னாரே, நீ நம்புறியாம்மா?" என்றார்.

"ஏன் மாமா?"

"நான் எத்தினி கண்டக்டரோட வண்டி ஓட்டியிருக்கேன். பழக்கம் இருக்கிறவன் கை, ஆள் ஏறாம ரெண்டு பெல் குடுக்காது. குடுக்கணும்னாலும் வராது. எங்க அக்கா கால் படியில படவேயில்ல. உங்கப்பா அதைப் பார்த்துக்கினுதான் தட்டினாரு."

நான் அசந்துபோனேன். அத்தனை வருடம் அப்பாவோடு இருந்த எனக்கு இது தோன்றவேயில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிக்காகத் திட்டு வாங்கிய மனிதர். கூடையை மறந்து ஓடியவளுக்காக லாரியையே நிறுத்தி வைத்தவர். தட்டோடு அழுதுகொண்டு நின்ற என்னை அன்று அவர் பார்த்த பார்வை அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்தமுறை வந்தபோது அவரிடம் கேட்டேன்.  அப்பா டீயை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"ஆள் ஏறாம டிராமுக்கு நான் ரெண்டு பெல் கொடுத்ததே இல்ல புள்ள" என்றார். "அது பஸ்சுதானே."